மேல்வீட்டுக்காரரிடம் கேட்ட 2,500 ரூபாய்

கேள்வி: பெங்களூரு பெல்லந்தூரில் இரண்டு பெட்ரூம் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்துக் கையில் வருவது மாதம் 1,65,000 ரூபாய். வாடகை 38,000. பதினோரு மாத அக்ரிமென்ட் அடுத்த மாதம் முடிகிறது. 5 சதவீதம் ஏற்றுவதாகத்தான் பேச்சு. இப்போது ஓனர் 46,000 கேட்கிறார், இல்லையென்றால் காலி செய்யச் சொல்கிறார். மகனின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி தூக்கமே வரவில்லை. பெங்களூரிலேயே லிங்கராஜபுரத்தில் மாமனார் கட்டிய வீடு உண்டு. கீழே அத்தை தனியாக இருக்கிறார். மாடியில் ஷீட் போட்ட சிங்கிள் பெட்ரூமில் ஆட்டோ ஓட்டும் ஒருவர் ஒன்பது வருடமாகக் குடும்பத்தோடு குடியிருக்கிறார். மனைவி கார்மென்ட்ஸில் வேலை. பெண் ஒன்பதாவது படிக்கிறாள். இருவருமாக 30,000 சம்பாதிக்கிறார்கள். நல்லவர்கள்தான். அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அந்த அக்காதான். பிப்ரவரியில் அத்தைக்கு மூச்சு முட்டியபோது ராத்திரியில் ஆட்டோக்காரர்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆனால் உதவி வேறு, வாடகை வேறு. அதனால் அவர்களுடைய 8,500-ஐ 11,000 ஆக்கச் சொல்லிவிட்டோம். கூடுதல் 2,500-ஐ எங்களுக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படியும் போதவில்லை. எங்கள் ஓனரிடம் எப்படிப் பேசுவது? இப்படி ஏற்றுவது நியாயமா? (பெயர் வேண்டாம், பெல்லந்தூர்)

பதில்: ஐடி ஆட்கள் ஆபீசுக்குத் திரும்பிய 2022-லிருந்து இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. மாரத்தஹள்ளி, எச்எஸ்ஆர் லேஅவுட், ஒயிட்ஃபீல்டு என்று ஊர்ப் பெயர்தான் மாறும். அதனால் ஓனர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

சட்டத்தை நம்பி உட்காராதீர்கள். பதினோரு மாதம் என்று அக்ரிமென்ட் போடுவதே, ஒரு வருடத்தைத் தாண்டினால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான். கர்நாடகத்தின் 1999 வாடகைச் சட்டம் மாதம் 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளைத் தொடாது. இன்றைக்கு பெங்களூரில் அந்த வாடகைக்கு எந்த வீடு இருக்கிறது? மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் அட்வான்ஸை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது, ஆனால் மாநிலம் சட்டமாக்கினால்தான் அதற்கு உயிர். 5 சதவீதம் என்பது அக்ரிமென்டில் எழுத்தில் இருந்தால் அதைக் காட்டிப் பேசுங்கள். முடிந்த அக்ரிமென்டைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்று அவரைக் கட்டிப்போட முடியாது.

மிச்சம் இருப்பது கணக்கு. அவர் கேட்கும் 8,000, பதினோரு மாதத்தில் 88,000 ஆகிறது. நீங்கள் காலி செய்தால் பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பிடிப்பார்கள், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போகும், லாரிக்கூலி தனி. கிட்டத்தட்ட அதே தொகைதான். அவருக்கும் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 46,000 நஷ்டம். 42,000 தருகிறோம், அடுத்த முறை 5 சதவீதம்தான் என்று எழுதிக்கொள்வோம் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் 46,000 போக உங்கள் கையில் 1,19,000 நிற்கும். மாதாந்திர சேமிப்பு குறையும், இந்த வருடம் ஊர் சுற்றப் போவது தள்ளிப்போகும். வருத்தம்தான். ஆனால் அடுப்பு அணையாது.

சரி, இப்போது லிங்கராஜபுரத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் நகர முடியவில்லை. மூச்சு முட்டுகிற அம்மாவை ஆட்டோவில் எப்படி உட்கார வைத்திருப்பார்கள் என்று யோசித்தேன். பின் சீட்டில் அந்த அக்கா உட்கார்ந்து தோளோடு அணைத்துப் பிடித்திருக்க வேண்டும். பெண் மாடியில் தனியாக இருந்திருக்க வேண்டும். மறுநாள் அந்த அக்காவுக்கு ஷிஃப்ட் இருந்திருக்கும். நீங்கள் எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. உங்கள் கணவர் வந்தாரா என்றும் இல்லை.

அந்த வரிக்கு அடுத்த வரி 'உதவி வேறு, வாடகை வேறு'. உங்களுக்கு அது வேறு வேறாக இருக்கலாம், அவர்களுக்கு இல்லை. வாடகை வாங்கும் வீட்டு அம்மா என்பதால் மட்டும் ஒருத்தி தினமும் படியிறங்கி வந்து மாத்திரை எடுத்துக் கொடுக்க மாட்டாள். அது மகன் செய்ய வேண்டிய வேலை. மகனால் முடியாதபோது மருமகள், பேரன் என்று வீட்டு மனிதர்கள் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் பெல்லந்தூரில் நிம்மதியாக ஆபீஸ் போக முடிவது மாடியில் அவர்கள் இருப்பதால். அதற்கு நீங்கள் இதுவரை ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. இப்போது அவர்களிடமே 2,500 கேட்கிறீர்கள்.

30,000 சம்பாதிக்கிறார்கள், கொடுக்கட்டும் என்ற நினைப்பு உங்கள் எழுத்தில் தெரிகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? உங்களுக்கு 46,000 என்றால் வருமானத்தில் 28 சதவீதம். அதற்கே தூக்கம் போய்விட்டது. அவர்கள் இப்போது கொடுக்கும் 8,500-ஏ அவர்கள் வருமானத்தில் 28 சதவீதம். நீங்கள் பயந்து நடுங்கும் இடத்தில்தான் அவர்கள் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். 11,000 ஆனால் 37 சதவீதத்துக்குப் போய்விடும். மிச்சம் 19,000. மூன்று பேர் சாப்பாடு, காஸ், சீட்டுப் பணம், ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ், எஃப்சி என்கிற தகுதிச் சான்று, பெண்ணின் படிப்பு எல்லாம் அதற்குள். அடுத்த வருடம் அவளுக்கு எஸ்எஸ்எல்சி. கர்நாடக அரசு 2023-லிருந்து குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. அந்த அக்காவுக்கு அது வந்தால், அதை முழுசாக எடுத்துக்கொண்டு மேலே 500-உம் கேட்கிறீர்கள்.

நான் ஸ்ரீராம்புரத்தில் லைன் வீட்டில் வளர்ந்தவள். வாடகை ஏறிவிட்டது என்று அம்மா எங்களிடம் சொன்னதே கிடையாது. பால் அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராகும். டிகாக்‌ஷன் இறங்கியதும் மேலே வெந்நீரை ஊற்றி இரண்டாம் தடவையும் இறக்குவார். அதை வைத்துத் தெரிந்துகொள்வோம். மாடிவீட்டுப் பெண்ணும் இந்த மாதம் ஏதாவது ஒன்றை வைத்துத் தெரிந்துகொள்வாள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஓனர் உங்கள்மேல் ஏற்றினார், நீங்கள் மாடிவீட்டின்மேல் ஏற்றினீர்கள். ஆட்டோக்காரர் யார்மேல் ஏற்றுவார்? மீட்டர் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. 2021 டிசம்பரில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்தார்கள், 2025 ஆகஸ்டில்தான் அது 36 ஆனது. மூன்றரை வருடத்துக்கு மேல் காத்திருந்து 20 சதவீதம். உங்கள் ஓனர் ஒரே மாதத்தில் 21 சதவீதம் கேட்டதற்கு நியாயமா என்று எனக்கு எழுதினீர்கள். நீங்கள் ஒரே மாதத்தில் கேட்டது 29 சதவீதம்.

பக்கத்தில் 12,000 வரை போகிறது, எங்கள் வீடு, சந்தை வாடகை கேட்பதில் என்ன தப்பு என்று உங்கள் கணவர் கேட்கலாம். கேட்கட்டும், பதில் சொல்கிறேன். முதலாவது, அது மாமனார் கட்டி அத்தை குடியிருக்கும் வீடு. அந்த வாடகை அவர் கைச்செலவுக்கு. கூடுதல் பணம் உங்களுக்கு வர வேண்டும் என்று எந்த உரிமையில் முடிவு செய்தீர்கள்? அத்தையைக் கேட்டீர்களா? கடிதம் முழுக்க அத்தை வாய் திறக்கவே இல்லை. இரண்டாவது, அவர்கள் காலி செய்ய வேண்டி வந்தால் 12,000 வாடகைக்கு வேறு வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 1,20,000. ஒன்பது வருடத்துக்கு முன் உங்களிடம் கொடுத்த அட்வான்ஸ் அதில் பாதிகூட வராது. நகையை வைப்பார்கள், இல்லை ஹொரமாவு தாண்டி எங்காவது போவார்கள். ஒன்பதாவது படிக்கும் பெண் பள்ளி மாறுவாள். உங்கள் மகனின் பள்ளி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிய நீங்கள் அந்தப் பெண்ணின் பள்ளியை யோசிக்கவில்லை.

வாடகையே ஏற்றக்கூடாது என்று சொல்லவில்லை. அத்தை விரும்பினால் 500 ஏற்றி 9,000 ஆக்கட்டும், அது அத்தைக்கே போகட்டும். உங்கள் பற்றாக்குறையை உங்கள் 1,65,000-க்குள் தீர்த்துக்கொள்ளுங்கள். பெல்லந்தூர்தான் வேண்டுமென்றால் அதற்கான காசை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் லிங்கராஜபுரத்துக்குப் போங்கள். போனில் சொல்லாதீர்கள். உங்கள் கணவர் மாடி ஏறிப் போய், அண்ணா, அந்த 11,000 பேச்சை விட்டுவிடுங்கள், தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அவர் வாயால் சொல்லட்டும். பிப்ரவரி ராத்திரிக்கு நன்றியும் இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள், அதையும் அப்போதே சொல்லுங்கள். பிறகு கீழே வந்து அத்தையின் மருந்துச் சீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதை அந்த அக்காவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இப்போதைக்கு அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.