மனநல சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் தருவதைக் கட்டாயமாக்க வேண்டுமா?

இந்தியாவைப் பொறுத்தவரை சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கிவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4)-இன்படி உடல் நோய்க்கு எப்படியோ, மனநோய்க்கும் அதே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும். 2018-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது. அப்புறம் 2022-ல், அக்டோபர் 31-க்குள் என்று கெடு வைத்து மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது (நிலைமை புரிகிறதா?).

சரி, சிக்கல் எங்கே? பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் படுக்கிறார்கள்? டாக்டர் ஃபீஸ், கவுன்சலிங், மாத்திரை என்று மாதாமாதம் கைக்காசுதான் கரைகிறது. என்னைக் கேட்டால், புறநோயாளிச் செலவையும் சேர்க்காத வரை இது பாதிக் கட்டாயம்தான். பாலிசி எடுக்கும்போது ‘ஓபிடி’ (புறநோயாளிச் செலவுக்கான காப்பீடு) உண்டா, வரம்பு எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.