எட்டு அணைக்கட்டு தாண்டிய வேட்டி

கேள்வி: கடலையும் கடல்வாழ் உயிரினங்களையும் காக்கக் கோரும் ஒரு மனுவில் இணையத்தில் கையெழுத்துப் போட்டேன். ஐந்நூறு ரூபாயும் அனுப்பினேன். "பாளையங்கோட்டையில இருந்துக்கிட்டு திமிங்கிலத்தக் காப்பாத்தப் போறீராக்கும்? கடலுக்கும் நமக்கும் என்னவே சம்பந்தம்?" என்று நண்பர் கேலி செய்கிறார். நான் செய்தது வீண்தானா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வீண் இல்லை, அண்ணாச்சி. வணிகத்துக்காகத் திமிங்கில வேட்டையாடுவதை நிறுத்துவது என்று 1982இல் முடிவாகி 1986இல் அது நடப்புக்கு வந்ததற்குப் பின்னால், உங்களைப் போலக் கையெழுத்துப் போட்டவர்களும் ஊர்வலம் போனவர்களும் இருந்தார்கள். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கென்று 2023 ஜூனில் ஐ.நா.வில் ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டதே, அதுவும் பல வருஷம் கத்திக் கத்தித்தான் வந்தது. ஐந்நூறு ரூபாயைப் பொறுத்தவரை, வாங்கியவர்கள் வரவுசெலவு காட்டுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பர் திமிங்கிலத்தை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறார் போலிருக்கிறது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரையேறிக் கிடந்தன. கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்து விட்டவர்கள் அந்தப் பகுதி மீனவர்கள். விட்டவற்றில் சில திரும்பவும் கரைக்கே வந்தன. 1973இலும் அதே கடற்கரையில் 147 ஒதுங்கின. அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் ஆகவில்லை. ஆக, திருநெல்வேலி ஜில்லாவுக்கே வந்து செத்த திமிங்கிலம் அது.

சரி, நண்பரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். பாபநாசத்துக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்? உடுத்திய துணியைத் தாமிரபரணி ஆற்றில் விட்டீர்களா?

பரிகாரம் என்ற பெயரில் படித்துறையில் நாம் விடுகிற வேட்டியும் சேலையும் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. பாவம் தொலைந்தால் போதும். கீழே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு இருக்கிறது, அதைத் தாண்டியா கடலுக்குப் போகும் என்பார் உங்கள் நண்பர். சாதாரண நாளில் போகாதுதான். பாறை இடுக்கிலும் மதகிலும் சிக்கிக் கிடக்கும். ஆனால் இப்போது அதில் பாதி பாலியஸ்டர். மக்காது, நைந்து நைந்து நூலாகும், கண்ணுக்குத் தெரியாத பிசிராகும். பிசிருக்கு எந்த அணைக்கட்டும் பொருட்டில்லை. அப்புறம் 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதல்லவா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. நாலு நாள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதைத்தான் நாம் பேசினோம். கரையிலும் வாய்க்காலிலும் வருஷக்கணக்காகச் சேர்ந்து கிடந்த துணி, பாட்டில், கேரி பேக் எல்லாவற்றையும் ஆறு மொத்தமாகக் கூட்டிப் பெருக்கி, தான் கடலில் சேருகிற புன்னைக்காயலில் தள்ளிவிட்டு வந்ததைப் பேசவில்லை. புன்னைக்காயலுக்கு அப்பால் இருப்பது மன்னார் வளைகுடா. 21 தீவுகளை வைத்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கிய கடல். பவளப்பாறையும் கடற்பசுவும் உள்ள கடல்.

இன்னொன்று. "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று ஒவ்வொரு மழைக்கும் தலைப்புப் போடுகிறோம். இந்தப் பத்திரிகையும் போட்டிருக்கிறது, நான்தான் ஒப்புதல் கொடுத்தேன். ஆற்றுநீர் கொண்டுவரும் வண்டலும் சத்தும் சேர்கிற முகத்துவாரத்தில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அங்கே போகிற நன்னீரை வீண் என்கிறோம். சாக்கடையைக் கலந்து அனுப்புவதற்கு மட்டும் தலைப்பே போடுவதில்லை.

இதெல்லாம் இருக்க, கூத்தங்குழி, இடிந்தகரை, உவரி ஆட்கள் வருஷக்கணக்காக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்: இழுவைமடி (கடலடியை அரித்து இழுக்கும் பெரிய வலை) போடும் விசைப்படகுகள் கரைப்பக்கம் வரக்கூடாது. அவர்கள் கேட்பது தங்கள் வலைக்கும் பிழைப்புக்கும்தான். ஆனால் அதில் ஆமைக்கும் பங்கு இருக்கிறது. நம் கரைக்குப் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிட வருகிற மாதங்களில் அது கரையோரத்திலேயே சுற்றும். ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கியாகவேண்டும். மணிக்கணக்கில் இழுபடுகிற மடிக்குள் மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கியதற்கு இதுதான் காரணம் என்றார்கள். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. நல்ல காரியம், படமும் நன்றாக வரும். தாயாமை மடியில் செத்துக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் முட்டைக்கு எங்கே போவது? நாட்டுப்படகுக்காரர்கள் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்க வரும் நாளில் கொக்கிரகுளம் வரை போய் அவர்களோடு நிற்க உங்களுக்கு ஐந்நூறு ரூபாய் ஆகாது. பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப்பாலம் வரைதானே.

நண்பரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலுக்குக் கூட்டிப் போங்கள். ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒதுங்கிக் கிடப்பதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். வேட்டி ஏதும் கிடைத்தால் அது யாருடைய பாவம் என்று அவரே சொல்லட்டும்.