குட்டி யானைக்குத் தண்ணீர் எங்கே பிடிப்பது?

அன்புள்ள தம்பிக்கு,

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்து மூன்று மாதங்களாகச் சென்னை மேடவாக்கத்தில் மனைவி வீட்டாருடன் இருப்பதாகவும், ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி) வாங்கி வீடு வீடாகச் சென்று காரும் சோபாவும் சுத்தம் செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கப்போவதாகவும் எழுதி, வழியில் தண்ணீரை எங்கே பிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஈப்போவில் பிறந்து, 2006இல் திருமணத்தை ஒட்டிச் சென்னைக்கு வந்தவன். வேளச்சேரியில் இருந்துகொண்டு இதே தொழிலைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என் பதில் இதுதான்: வழியில் பிடிக்காதீர்கள். புறப்படும் இடத்திலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

நாம் பிறந்த ஊரில் குழாயைத் திறந்தால் அழுத்தத்தோடு ஒரே தண்ணீர் வரும். சென்னையில் ஒரே வீட்டில் மூன்று தண்ணீர் இருக்கும். சில மணி நேரம் மட்டும் வந்து சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், இறங்குகிற மெட்ரோ தண்ணீர் (நகரக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர்), ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றுகிற போர் தண்ணீர், இரண்டும் போதாதபோது காசு கொடுத்து வாங்குகிற லாரித் தண்ணீர். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்கள் பலவற்றுக்கு லாரிதான் ஆதாரம்; அதன் செலவைக் குடியிருப்பவர்கள் எல்லோரும் பராமரிப்புக் கட்டணத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே வாடிக்கையாளர் ஒருவர் "கீழே குழாய் இருக்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அன்பாகச் சொன்னாலும், அது அவர் ஒருவருடைய தண்ணீர் அல்ல. தொடக்கத்தில் இது எனக்குத் தெரியவில்லை. திருவான்மியூரில் அப்படி ஒரு குழாயில் டியூபை மாட்டி என் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது, கீழ்த்தள வீட்டு அம்மா ஒருவர் வந்து, "எங்க வீட்ல துணி துவைச்சு நாலு நாள் ஆச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். பாதித் தொட்டியோடு டியூபைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டியையும் அடிபம்பையும் தொடவே கூடாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்தக் கோடையில் எங்கள் தெருத் தொட்டியடியில் விடிகாலை நான்கு மணிக்கே பச்சையும் ஆரஞ்சுமாகக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். குடம் வைக்க முடியாத வீட்டுக்காக ஒரு செங்கல் இடம் பிடித்திருக்கும். அந்த மூன்று மாதங்களும் நான் காரை அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷரை வெளியே எடுக்கவே இல்லை. சோபா வேலையை மட்டும் பார்த்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியது, சம்ப் உள்ள ஒரு சிறிய இடத்தை வாடகைக்கு எடுத்து, வணிகப் பயன்பாட்டுக்கு என்று சொல்லியே லாரித் தண்ணீர் வாங்கி இறக்குவதுதான். 12,000 லிட்டர் லாரி ஒன்று, நாளுக்கு 450 லிட்டர் செலவழிக்கும் எனக்கு 26 வேலை நாள்கள் வருகிறது. போர் தண்ணீரை வண்டியில் ஏற்றிச் செல்லலாம் என்று யாராவது எளிதாகச் சொன்னால் அவசரப்படாதீர்கள். சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரை எடுப்பதையும் வாகனத்தில் கொண்டுசெல்வதையும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உரிமத்துக்குள் வைத்திருக்கிறது. உங்கள் பகுதி மெட்ரோ வாட்டர் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

வண்டியில் 500 லிட்டர் தொட்டிக்கு மேல் வேண்டாம். அந்தத் தண்ணீரே அரை டன். அதோடு பம்பு, ஜெனரேட்டர், இரண்டு ஆட்கள் சேர்ந்தால் குட்டி யானை தாங்குகிற எல்லையை நெருங்கிவிடும். உள்ளே தடுப்பு வைத்த தொட்டியாகப் பாருங்கள். பாதி காலியான தொட்டியில் தண்ணீர் அலைமோதுவதை மேம்பாலத்து வளைவில் ஸ்டியரிங்கிலேயே உணர்வீர்கள்.

அளவைவிடத் தரம்தான் எனக்கு அதிகப் பாடம் கற்பித்தது. ஒரு சித்திரை மாதக் காலை, பத்து மணி வெயிலில், புதிய கருப்புக் கார் ஒன்றைப் போர் தண்ணீரில் கழுவி முடித்தேன். துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய் வருவதற்குள் பானெட் முழுவதும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் காய்ந்து கிடந்தன. அந்த உப்புக் கறையை நீக்க வினிகர் கலந்த நீரால் இரண்டு மணி நேரம் துடைத்தேன். காருக்குச் சொந்தக்காரர் பேசாமல் பக்கத்திலேயே நின்றார். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. என் அனுபவத்தில் 500ஐத் தாண்டிய தண்ணீரால் கடைசி அலசலைச் செய்யக் கூடாது. ஆகவே தொட்டியை இரண்டாகப் பிரித்து, 400 லிட்டரில் சாதாரணத் தண்ணீரும் 100 லிட்டரில் நல்ல தண்ணீரும் வைத்திருக்கிறேன். கண்ணாடிகளுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துகிறேன். அதில் உப்பு அநேகமாக இல்லை, கறையும் விழுவதில்லை. கேன் தண்ணீர்க் கடைகளில் வெளியேற்றும் ஆர்ஓ (உப்பைப் பிரித்தெடுக்கும் சுத்திகரிப்பு) கழிவு நீரை இலவசம் என்று வாங்கிவிடாதீர்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அடுக்ககங்களில் தினமும் விடியற்காலையில் கார் துடைக்க வருபவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஒரு வாளியில் ஐந்தாறு கார்களை முடித்துவிடுவார்கள். பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் எடுக்கும் என்றாலும், நுரை ஊறும்போதும் கை தேய்க்கும்போதும் அதன் பீய்ச்சும் துப்பாக்கியை மூடி வைத்தால்தான் ஒரு காரை அறுபது லிட்டரில் முடிக்க முடியும். வேலையைக் காலை எட்டரைக்குள் அல்லது நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்; சேறும் சோப்பும் தெருவில் ஓடாத இடமாக வண்டியை நிறுத்துங்கள்.

மேடவாக்கத்தில் இடம் பார்க்கப் போகும்போது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா அளவிலான டிடிஎஸ் மீட்டர் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பேசுவதற்கு முன் சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லி ஒரு டம்ளர் மொண்டு அளந்து பாருங்கள். மே மாதத்தில் அந்தச் சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதை வீட்டுக்காரரிடம் அல்ல, பக்கத்து வீட்டில் கேளுங்கள்.