வாடகை இருக்கட்டும் தம்பி, பையன் படிப்பைப் பாருங்கள்

குடும்பத்தோடு திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரப்போவதாகச் சொல்லி, எந்த வட்டாரத்தில் வாடகை குறைவு, ஐந்தாவது படிக்கும் பையனுக்கு எங்கே ட்யூஷன் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். பையன் விஷயத்தை நான் சொல்கிறேன்.

இங்கே அரசுப் பள்ளியில் நடுவில் சேர, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏயிஸ் (AEIS) என்று ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. தொடக்கநிலை 2 முதல் 5 வரை, அப்புறம் உயர்நிலை 1 முதல் 3 வரைதான் எடுப்பார்கள். ஆறாவதில் சேர்க்கவே மாட்டார்கள். தேறினாலும் காலியிடம் இருக்க வேண்டும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பி வந்து, கடைசியில் தனியார் பள்ளிக்குச் சம்பளத்தில் பாதியைக் கட்டும் குடும்பங்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்கே விசாரியுங்கள்.

ட்யூஷனை விடுங்கள். பையனை ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் பழக்குங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் முதல் வகுப்பு மெக்கானிக்கல் பட்டத்தோடு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். வந்த புதிதில் ஒரு பம்ப் நின்றுபோனது. என்ன கோளாறு, எதனால், என்ன செய்தோம் என்று ஷிஃப்ட் முடிவதற்குள் நாலு வரி எழுதித் தரச் சொன்னார் சூப்பர்வைசர். பெர்னோலி சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அந்த நாலு வரி வரவில்லை. ஐடிஇ என்ற அரசுத் தொழிற்பயிற்சிக் கழகத்தில் படித்த மலாய் இளைஞர் ஒருவர் சீலைக் கழற்றி, தேய்ந்த விளிம்பை நகத்தால் தடவிக் காட்டிவிட்டு, அறிக்கையையும் எழுதி முடித்துவிட்டார்.

அவருக்கு அது தானாக வந்துவிடவில்லை. தோண்டி எடுக்க எதுவும் இல்லாத நாடு இது. பன்னாட்டுக் கம்பெனிகளை அழைத்து வந்தால்தான் வேலை. அதனால் 1970களிலேயே டாட்டா, ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களோடு சேர்ந்து அரசு பயிற்சி நிலையங்கள் நடத்தியது. 1992இல் ஐடிஇ வந்தது. தொழிற்சாலைக்கு என்ன வேண்டும் என்று பார்த்துத்தான் பாடம் வைத்தார்கள். இன்னமும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவே கிடையாது. கணக்கில் ஜி3 என்ற கடினமான நிலை, தமிழில் ஜி2 என்ற நடுத்தர நிலை என்று பாடத்துக்குப் பாடம் தகுதிக்கேற்பப் படிக்கலாம்.

நம் ஆட்கள் மட்டும் மாறவில்லை. என் மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது, துக்கம் விசாரிப்பது போல "ஜேசி கிடைக்கலையா?" என்று கேட்டார்கள். ஜேசி என்றால் பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் ஜூனியர் காலேஜ். ஐடிஇ என்றால் இன்னும் மோசம், பிள்ளை கெட்டுப்போனதாகவே பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பழுது பார்க்கும் லிஃப்டில்தான் இவர்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. மகள் படிக்கும்போதே ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனாள், இப்போது அதே துறையில் வேலை பார்க்கிறாள்.

நீங்களும் படிக்க வேண்டியிருக்கும் தம்பி. 2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டம் கொண்டுவந்து, 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிக்கென்று 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்கள். குடியுரிமை வாங்கியிருந்ததால் எனக்கும் கிடைத்தது. ஐம்பதை நெருங்கும் வயதில் மாலை வகுப்பில் உட்கார்ந்து, இயந்திரங்களைத் தானாக இயக்கும் பிஎல்சி கணினிக் கட்டுப்பாட்டைக் கற்றேன். அதனால்தான் தொழிற்சாலையில் பழைய உற்பத்தி லைனை மூடியபோதும் என் வேலை நிலைத்தது.

தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிடைக்கும் பள்ளியில் தமிழ் இல்லாவிட்டால் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் படிக்க வழி உண்டா என்று பள்ளியிலேயே கேளுங்கள்.