கம்பத்துக்குப் போங்கள், எல்லாரும் ஒரே காரில்

கேள்வி:
மகனும் மருமகளும் பெங்களூரில் வேலை பார்க்கிறார்கள். போன வருடம் இருவரும் நாசிக் போய், திராட்சைத் தோட்டத்திலேயே உட்கார்ந்து வைன் ருசி பார்த்துவிட்டு வந்தார்களாம். அடுத்த மாதம் இங்கே வருகிறார்கள். "அத்தை, நம்ம கம்பம் பக்கமும் திராட்சை விளையுதுல்ல, ஒருநாள் எல்லாரும் அப்படிப் போய் நல்லா சாப்பிட்டு, வைன் பார்த்துட்டு வரலாமா" என்று மருமகள் போனில் கேட்டாள். ஆசையாகத்தான் கேட்கிறாள். ஆனால் என் மாமனார் குடியால் செத்தவர். அதனால் என் கணவருக்கு அந்தப் பேச்சே ஆகாது. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மற்றபடி நல்ல மனுஷன். மருமகள் எப்போதாவது வைன் குடிப்பாள் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூவர் மட்டும் போய் வந்துவிடலாமா? கம்பத்தில் நாசிக் மாதிரி இருக்கிறதா?
பெயர் வேண்டாம், திருநகர், மதுரை.

பதில்:
இல்லை அம்மா, அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். போனால் நால்வரும் போங்கள். இந்தப் பயணத்தில் மற்ற மூவரை விட அதிகமாக ரசிக்கப்போகிறவர் உங்கள் கணவர்தான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் வைன் விஷயத்தை முடித்துவிடுவோம். நாசிக்கில் நடப்பது கம்பத்தில் நடக்காது. மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சை வைனுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து சலுகைகள் கொடுத்தது, அங்கே தோட்டம், ஆலை, ருசி பார்க்கும் கூடம், தங்கும் அறை என்று எல்லாம் சேர்ந்து வளர்ந்தது. இங்கே 2003-இலிருந்து சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். பந்தலுக்குக் கீழே ஒரு மேசை போட்டு, தோட்டக்காரர் உங்களுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்க முடியாது. திராட்சை விலை சரியும்போதெல்லாம் கம்பம் விவசாயிகள் அரசே ஒரு வைன் ஆலை அமைக்கட்டும் என்று கேட்டு வருகிறார்கள், அது நியாயமான கோரிக்கை என்றே நான் நினைக்கிறேன். பழம் நாள் கணக்கில் அழுகும், வியாபாரி சொன்னதுதான் விலை, வேறு போக்கிடம் இருந்தால் விவசாயிக்குக் கொஞ்சம் மூச்சு வரும். ஆனால் அது வேறு பேச்சு. யூடியூப்பைப் பார்த்து, வாங்கி வரும் பழத்தை ஜாடியில் ஊறப்போட்டு வீட்டிலேயே வைன் செய்யலாம் என்று மகன் சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள், உரிமம் இல்லாமல் செய்வது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று, கார் ஓட்டப்போவது உங்கள் மகன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே வழக்கு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே. ஆண்டிபட்டிக் கணவாயை ராத்திரியில் லாரிகளுக்கு நடுவே கடக்க வேண்டிய ஆள் அன்றைக்கு ஒரு வாய் கூடக் குடிக்கக் கூடாது.

ஆக, கோப்பையை விட்டுவிட்டுப் பழத்தைப் பார்க்கப் போங்கள். அதற்குக் கம்பம் பள்ளத்தாக்கை மிஞ்ச இடமில்லை. மற்ற ஊர்களில் திராட்சை வருடத்தில் சில மாதம்தான். இங்கே பன்னீர் திராட்சை எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும், ஏனென்றால் ஆளாளுக்கு வேறு வேறு நேரத்தில் கொடியின் கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறார்கள், வெட்டியதிலிருந்து நாலு மாதத்தில் பழம். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுங்கள். செக்கானூரணி, உசிலம்பட்டி, கணவாய், ஆண்டிபட்டி, தேனி, அப்புறம் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். சுமார் 115 கிலோமீட்டர். தயவுசெய்து நீங்கள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்ட வேண்டாம். உங்களுக்கும் அது விடுமுறை நாள்தான். தேனிக்குள் நுழையும்போது ஏழரை ஆகியிருக்கும், பேருந்து நிலையப் பக்கம் எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறதோ அங்கே இட்லி, வடை, பொங்கல் சாப்பிட்டுவிட்டு நகருங்கள். வீரபாண்டியில் கௌமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போக அரைமணி நேரம் போதும். சித்திரைத் திருவிழா நாட்களாக இருந்தால் அந்தப் பக்கம் காரை ஓட்டவே முடியாது, வேறு நாள் பாருங்கள். அதேபோல் கார்த்திகை, மார்கழியும் வேண்டாம். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் அந்தச் சாலையை அடைத்துக்கொள்ளும், மழையில் பழமும் வெடித்துக் கிடக்கும்.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குத் திரும்புங்கள். சாலையின் இரண்டு பக்கமும் பந்தல்தான். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்டிருப்பார்கள், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நிழல். அந்தச் சாலையில் வருகிறவர்களை உள்ளே விட்டுப் பழமும் ஜூஸும் விற்கும் தோட்டங்கள் சில உண்டு. அவற்றுக்குப் போகலாம், இல்லையென்றால் அறுப்பு நடக்கும் ஒரு தோட்டத்தின் வாசலில் நிறுத்தி, "அண்ணே, உள்ள வந்து பாக்கலாமா, பழமும் வாங்கிக்கிறோம்" என்று கேளுங்கள். கேட்டுப் போகிறவர்களை விரட்ட மாட்டார்கள். பத்து மணிக்குள் போனால் அறுப்பும், தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவதும் பார்க்கலாம், அதைத் தாண்டினால் வேலை ஓய்ந்துவிடும்.

உள்ளே போனதும் குலையைத் தொடாதீர்கள், இதை மகனிடமும் மருமகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு வெண்மை இருக்கும். பலர் அதை மருந்து என்று நினைக்கிறார்கள். அது பழமே பூசிக்கொள்ளும் மெழுகு, பழம் வாடாமல் காப்பது. விரல் பட்டால் அந்த இடம் கறுத்துப் பளபளவென்று தெரியும், கைபட்ட குலைக்கு விலை குறைந்துவிடும். மருந்து வேறு, அது இலைகளிலும் தண்டிலும் நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாகக் காய்ந்திருக்கும். அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து அடிக்கடி தெளிக்க வேண்டியிருக்கிறது, அதனால் தோட்டத்திலேயே பறித்து வாயில் போடுவதைத் தவிருங்கள், நன்றாகக் கழுவித் தின்னுங்கள்.

தின்னும்போது மருமகளிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு பழத்தை நுனியில் பிடித்து மெல்ல அழுத்தினால் சதை தோலை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சதையைப் பார்த்தால் வெளிர்ப் பச்சை, கறுப்பு முழுக்கத் தோலில்தான். சிவப்பு வைனுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்று நாசிக்கில் அவளுக்குச் சொல்லியிருப்பார்கள், இங்கே கையிலேயே தெரியும். இந்தப் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். வாசனை தூக்கலாக இருக்கும், துவர்ப்பும் கனமும் நாசிக்கில் குடித்த சிவப்பு வைன்களின் அளவுக்கு இருக்காது. வைனில் ஆர்வம் உள்ள பெண்ணுக்கு இதைத் தெரிந்துகொள்வதே பெரிய சந்தோஷமாக இருக்கும். இன்னும் ஆழமாக ஆர்வம் இருந்தால், இராயப்பன்பட்டிப் பக்கம் ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, முன்னாலேயே அனுமதி கேட்டுவிட்டுப் போவது மரியாதை. விதையில்லாத திராட்சைதான் வேண்டும் என்றால் ஓடைப்பட்டிப் பக்கம் போக வேண்டும், அதற்குத் தனியாக இன்னொரு நாள்.

சுருளி அருவி பக்கத்தில்தான். ஆனால் தண்ணீர் அதிகம் வந்தாலும், யானை நடமாட்டம் இருந்தாலும் வனத்துறை மூடிவிடுவார்கள், திறந்திருந்தால் போங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மதியச் சாப்பாடு கம்பத்திலேயே. பெரிய ஓட்டல் தேடாமல், இலை போட்டுச் சாப்பாடு பரிமாறும் சின்ன மெஸ் ஒன்றில் நாட்டுக்கோழிக் குழம்பும் ஆட்டுக்கறிச் சுக்காவும் வாங்கிச் சாப்பிடுங்கள். உங்கள் கணவர் சைவம் என்றால் அதே இலையில் ரசமும் கூட்டும் உண்டு. பிரியாணி வேண்டுமென்றால் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் ராவுத்தர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் நடத்தும் கடைகளில் கேளுங்கள்.

சாப்பிட்டதும் லோயர் கேம்ப். குமுளிக்கு ஏற வேண்டாம், ஏறினால் மலைப்பாதையில் மதியம் முழுக்கப் போய்விடும். லோயர் கேம்ப் அடிவாரத்தில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. அங்கே போனதும் நீங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு உங்கள் கணவரைப் பேச விடுங்கள். பொதுப்பணித் துறையில் இருந்தவருக்கு இது சொல்லிக் கொடுக்க வேண்டிய கதை இல்லை. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை 1895-இல் கட்டி முடித்த அணையால் மறித்து, தேக்கடியில் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது, அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இறங்கி முல்லையாற்றில் சேர்வது, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்வது, மிச்சம் வைகை அணைக்கு வந்து திருநகர் வரைக்கும் குழாயில் வருவது, எல்லாம் அவர் வேலை பார்த்த துறையின் கதை. பாலார்பட்டியில் இன்றைக்கும் ஜனவரி 15 அன்று பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். காலையில் தின்ற திராட்சையும் இந்தத் தண்ணீரால் வந்த பசுமைதான். மதுரைக்கு இங்கிருந்தே நேராகக் குழாய் பதித்த திட்டத்தைப் பற்றியும் அவரே ஆரம்பிப்பார் பாருங்கள். வீட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமனாரைத்தான் உங்கள் மருமகள் பார்த்திருப்பாள், இவரை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

இப்போது அந்த இன்னொரு விஷயம். அவள் வைன் குடிப்பது அவருக்குத் தெரியாது என்று நீங்கள் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அது உங்கள் சுமை இல்லை. சொல்ல வேண்டுமா, எப்போது சொல்வது என்பதை மகனும் மருமகளும் முடிவு செய்யட்டும், சொல்வதானால் மகன்தான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. கிளம்புவதற்கு முன்னால் மருமகளிடம் உங்கள் மாமனார் கதையைச் சொல்லுங்கள். மறைக்காமல், குத்திக்காட்டாமல், அந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது, உங்கள் கணவர் சின்ன வயதில் எதையெல்லாம் பார்த்தார் என்பதை உட்கார வைத்துச் சொல்லுங்கள். "மாமா ரொம்பக் கட்டுப்பெட்டி" என்று அவள் நினைத்திருக்கக்கூடும், நீங்கள் சொன்னால்தானே அவளுக்குப் புரியும்? எப்போதாவது ஒரு கோப்பை வைன் குடிக்கிற பெண்ணும் குடித்தே செத்த மனுஷரும் ஒன்றில்லை, அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் உங்கள் கணவரின் மனதில் அது இன்னும் ஆறாத புண், அதன் மேல் ஒருநாள் உல்லாசப் பயணத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டாம். கம்பத்துத் திராட்சையில் செய்த வைனை ருசி பார்த்தே ஆக வேண்டும் என்றால் பின்னால் ஒருநாள் பாட்டிலாகத் தேடி வாங்கி, பெங்களூரில் அவர்கள் வீட்டில் குடித்துக்கொள்ளட்டும், அதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

திரும்பும்போது நாலு மணிக்குள் லோயர் கேம்பை விட்டுவிட்டால், தேனி தாண்டி வைகை அணையில் கொஞ்ச நேரம் நிற்கலாம். அங்கே அணை மீனைச் சுடச்சுடப் பொரித்துக் கொடுக்கிறார்கள், ஜிலேபிக் கெண்டை கிடைத்தால் விடாதீர்கள், முள் பார்த்துத் தின்னுங்கள். அப்புறம் நேராக ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, வீடு.

பழம் வாங்கும்போது காம்பு பச்சையாக இருக்கிற குலையாகப் பாருங்கள், காம்பு பழுப்பாகியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. பெட்டியைக் கார் டிக்கியில் அடியில் வைத்து மேலே பை அடுக்காதீர்கள், வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள். பன்னீர் திராட்சை ரொம்ப நாள் தாங்காது, மறுநாளே ஜூஸ் போட்டுவிடுங்கள். மிக்சியில் மட்டும் அரைக்காதீர்கள், விதை உடைந்தால் கசக்கும். கழுவிய பழத்தைப் பாத்திரத்தில் போட்டு, பாதி மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் கொதிக்க வையுங்கள், தோல் வெடித்துத் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறியதும் மத்தால் மசித்து வடிகட்டி, சூட்டோடு சர்க்கரை போட்டுக் கரைத்து, நன்றாக ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாதியைப் பாட்டிலில் ஊற்றி மருமகளிடம் கொடுத்தனுப்புங்கள், பெங்களூர் போய்ச் சேரும்வரை கெடாது, போனதும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.