மங்கிய வெளிச்சத்தில் மேக்ரோ படம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தின் வேலியில், மழைக்காலம் முழுவதும் சின்னஞ்சிறு புதர்த்தவளைகள் குரல் கொடுக்கின்றன. என்னிடம் ஏ.பி.எஸ்.-சி சென்சார் கொண்ட கேமராவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸும் உள்ளன. பொழுது சாய்ந்த பிறகு எஃப்/2.8, 1/60 விநாடி, ஐ.எஸ்.ஓ. 800 என்று வைத்து எடுத்தால் கண் மட்டும் தெளிவாக வருகிறது. மூக்கும் விரல்களும் கலங்கிவிடுகின்றன. எஃப்/11 வைத்தாலோ படம் இருண்டுவிடுகிறது. எந்த அளவுகளை வைப்பது? (வாசகர், கூடலூர்)

பதில்: இரண்டரை செ.மீ. நீளமுள்ள ஒரு தவளை உங்கள் படத்தின் அகலத்தில் பாதியை நிரப்ப வேண்டுமானால், ஏறத்தாழ அரை மடங்கு உருப்பெருக்கத்தில், அதாவது சென்சாரில் விழும் உருவம் தவளையின் உண்மை அளவில் பாதியாக இருக்கும்படி, எடுக்க வேண்டியிருக்கும். அந்த நெருக்கத்தில் லென்ஸின் துளையை (அபர்ச்சர்) எஃப்/2.8 என்று அகலத் திறந்து வைத்தால் தெளிவாக விழும் ஆழம் முக்கால் மி.மீ.கூட இருப்பதில்லை. கண் தெளிவாகவும் மூக்கு கலங்கலாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். லென்ஸில் குறை எதுவும் இல்லை. எஃப்/11க்குத் துளையைச் சுருக்கினால் அந்த ஆழம் இரண்டரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகும். தவளையின் பக்கவாட்டுக்கு இணையாக கேமராவைப் பிடித்தால், கண், வாயோரம், முன்னங்கால் ஆகிய மூன்றும் அதற்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே மேக்ரோவில் முதலில் முடிவு செய்ய வேண்டியது அபர்ச்சரைத்தான். வெளிச்சம் குறைவு என்பதற்காக அதை அகலத் திறந்துவிடக் கூடாது.

எஃப்/2.8இலிருந்து எஃப்/11 நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்) தள்ளி இருக்கிறது. அதாவது, சென்சாரை அடையும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே 1/60 விநாடியில் ஈடுகட்ட, சென்சாரின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 12,800 தேவை. கையில் பிடித்து எடுக்கும்போது 1/60 போதாது என்பதால் 1/200க்கு உயர்த்தினால் ஐ.எஸ்.ஓ. நாற்பதாயிரத்தைத் தாண்டும், படத்தில் இரைச்சல் புள்ளிகள் மொய்த்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, அந்தி நேரத்தில் இருக்கும் இயற்கை வெளிச்சத்தை மட்டும் நம்பிக் கையில் பிடித்து இந்தப் படத்தை எடுக்க இயலாது என்பது விளங்கும். உங்களுக்குத் தேவை ஒரு ஃபிளாஷ்.

கேமராவை மேனுவல் முறையில் வைத்து, எஃப்/11, 1/160 அல்லது 1/200 விநாடி, ஐ.எஸ்.ஓ. 200 முதல் 400 வரை என்று தொடங்குங்கள். ஃபிளாஷை டி.டி.எல். முறையில் (லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃபிளாஷின் சக்தியைக் கேமராவே முடிவு செய்யும் முறை) வைக்கலாம், கையால் அமைத்துப் பழகியவர்கள் 1/16 சக்தியில் தொடங்கி, திரையில் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். பின்னணி இருட்டாக இருந்தால் டி.டி.எல். ஏமாந்து தவளையை வெளிறச் செய்துவிடும் என்பதால், ஃபிளாஷ் ஈடுசெய்தலை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் அளவு இறக்கி வைப்பது நல்லது. இந்த அமைப்பில் படத்தை உறைய வைப்பது ஷட்டர் அன்று, ஃபிளாஷ்தான். குறைந்த சக்தியில் பல ஃபிளாஷ்கள் பளிச்சிடும் நேரம் 1/10,000 விநாடி அளவுக்குக் குறுகிவிடுவதால், கை சற்று அசைந்தாலும் தவளையின் தொண்டைப்பை துடித்துக்கொண்டிருந்தாலும் படம் கலங்காது.

ஆனால் ஃபிளாஷை அப்படியே வெறுமையாக அடித்தால், ஈரமான தோல் முழுவதும் வெள்ளைத் திட்டுகளாகிவிடும். ஒளி வரும் பரப்பு தவளையைவிடப் பலமடங்கு பெரியதாகவும் அதற்கு மிக அருகிலும் இருந்தால்தான் தோலின் மணிமணியான புடைப்புகள் மென்மையாகப் பதியும். இப்படி ஒளியைப் பரப்பி மென்மையாக்க, கடையில் விற்கும் டிஃப்யூசர்தான் வேண்டும் என்பதில்லை. பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக வளைத்து, லென்ஸின் முனைக்கு மேலாக நீட்டிக் கட்டினாலே போதும். என்னைக் கேட்டால், லென்ஸுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை டிஃப்யூசருக்குச் செலவிட வேண்டும் என்பேன். மேக்ரோ படத்தின் தரம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

பின்னணி முழுவதும் கறுப்பாக விழுவது பிடிக்கவில்லை என்றால், ஷட்டரை 1/30க்கு இறக்கி, ஐ.எஸ்.ஓ.வை 800க்கு ஏற்றிப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும் வேளையில் பின்னாலுள்ள இலைகளின் பச்சை சற்றே எட்டிப்பார்க்கும். ஃபோகஸுக்கு ஆட்டோவை நம்பாமல், வேண்டிய உருப்பெருக்கத்தில் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை நிறுத்திவிட்டு, மங்கலான டார்ச் ஒளியில் உடலை முன்னும் பின்னும் மிக மெதுவாக நகர்த்தி, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். எஃப்/16க்கும் மேலே போக வேண்டாம். நெருங்க நெருங்க லென்ஸின் செயல்படு துளை சுருங்கும். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் எஃப்/16 என்பது கிட்டத்தட்ட எஃப்/32 போல நடந்துகொள்ளும். அப்போது ஒளியின் விளிம்பு விலகலால் படம் முழுவதுமே மழுங்கிவிடும்.

தவளையைக் கையால் எடுத்து வசதியான இலையில் வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது தோல் வழியாகவும் மூச்சுவிடும் உயிர். நம் கையிலுள்ள உப்பும் கொசு விரட்டிக் களிம்பும் அதற்குக் கேடு. நீங்கள் நெருங்கியதும் அது குரலை நிறுத்திவிட்டால், சில படங்களோடு விலகிவிடுங்கள். யானை நடமாட்டமுள்ள உங்கள் பகுதியில் இருட்டிய பின் வேலியைத் தாண்டித் தனியே போகவும் வேண்டாம்.

கேள்வி: சோலைக்காட்டு ஓரத்தில் காளான்களையும் பாசியையும் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க விரும்புகிறேன். டிரைபாட் உண்டு. ஐ.எஸ்.ஓ.வை எவ்வளவு உயர்த்தலாம்? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: உயர்த்தவே வேண்டாம். காளான் ஓடிப்போவதில்லை, டிரைபாடும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 என்று வைத்து, ஷட்டர் ஒரு விநாடியோ நான்கு விநாடியோ எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கொடுங்கள். லென்ஸின் அதிர்வு தடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். காற்று வீசினால் குடையை விரித்து மறைப்பாக வையுங்கள். அப்போதும் தண்டு ஆடினால்தான் ஐ.எஸ்.ஓ.வை 800 வரை கூட்டி ஷட்டரை விரைவாக்க வேண்டும். கூட்டத் தயங்கி, இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் பிறகு வெளிச்சமாக்குவதுதான் இரைச்சல் புள்ளிகளை மிக மோசமாக வெளிக்கொணரும். சரியான ஒளியில் எடுத்த ஐ.எஸ்.ஓ. 800 அதைவிட எவ்வளவோ மேல்.

மர நிழலில் எல்லாமே பச்சை சாய்வோடு பதியும் என்பதால், ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுத்து, பிறகு நிறத்தைச் சரிசெய்ய முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காளான் குடையின் அடிப்புறம் எப்போதும் இருண்டு விழும். மடித்த வெள்ளைத் தாள் ஒன்றைத் தரையில் சாய்த்து வைத்தால் அந்த இருள் விலகும். முழு ஆழமும் தெளிவாக வேண்டுமானால் துளையைச் சுருக்காமல், ஃபோகஸைச் சிறுகச் சிறுக நகர்த்தி ஒரு வரிசைப் படங்கள் எடுத்து மென்பொருளில் இணைக்கலாம்.

மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில இடங்களில் ஒளிரும் காளான்களைப் பார்க்க நேர்ந்தால், கணக்கு முற்றிலும் மாறும். டார்ச் அடித்து ஃபோகஸை நிறுத்தி, மேனுவலுக்கு மாற்றி, டார்ச்சை அணைத்துவிட்டு, எஃப்/2.8 அல்லது எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை, முப்பது விநாடியில் தொடங்கிச் சில நிமிடங்கள் வரை திறந்து வைக்க வேண்டியிருக்கும். காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி முன்னதாகப் பெற்றிருக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா சேர்த்துவைத்த பழைய செப்புக் காசுகளை வீட்டில் செல்போனில் எடுக்கிறேன். மேக்ரோ முறையில் எடுத்தால் எழுத்துகள் மங்கலாகவும் நிழலோடும் வருகின்றன. (வாசகர், கும்பகோணம்)

பதில்: பல செல்போன்களில் மேக்ரோ வசதி மிக அகன்ற கோண லென்ஸைக் கொண்டே இயங்குகிறது. அதன் சென்சார் முதன்மைக் கேமராவினுடையதைவிடச் சிறியது. போதாக்குறைக்குக் காசுக்கு இரண்டு மூன்று செ.மீ. நெருங்க வேண்டியிருப்பதால் செல்போனே வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. மேக்ரோவை அணைத்துவிட்டு, முதன்மைக் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, ஃபோகஸ் பிடிபடும் தூரம் வரை பின்னுக்கு வாருங்கள். இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, செல்போனை அவற்றின் மேல் கிடத்தி, மூன்று விநாடி டைமர் வையுங்கள். காசை ஜன்னலோரமாக வைத்து, ஒளி பக்கவாட்டிலிருந்து தாழ்வாகப் படும்படி செய்தால், தேய்ந்த எழுத்துகளின் விளிம்புகளும் நிழல் கட்டி எழும். திரையில் காசைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்துக்கொள்ளுங்கள். செம்பின் பளபளப்பு வெளிறாமல் இருக்கும்.