தாத்தாவின் பட்டாளத்துப் படம்: கேள்வி பதில்

வேலூரிலிருந்து: தாத்தா இரண்டாம் உலகப் போரில் இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும். இருப்பது ஒரே ஒரு ஸ்டூடியோ படம். காக்கி அரைக்கால் சட்டை, முன்விளிம்பு இல்லாத உருளைத் தொப்பி. எங்கிருந்து தொடங்குவது சார்?

முகத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். இனி தலை, தோள், கை என்று பாருங்கள். அந்தத் தொப்பி அனேகமாக மெட்ராஸ் சாப்பர்ஸ் அணிந்தது. பட்டாளத்தில் அவர்களுக்குத் 'தம்பிகள்' என்று பெயர். பாலம் போடுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. 1944இல் இத்தாலியில் வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுபேதார் சுப்பிரமணியன் அந்தப் படைக்காரர். பிரிட்டிஷ் வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது.

சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள அவர்கள் மையத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டன். எங்கே எழுதினாலும் தாத்தாவுக்குப் படையில் கொடுத்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள், பதக்கத்தின் விளிம்பு, எதையும் விடாதீர்கள். என் தாத்தாவின் எண் தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. பாட்டி அந்தப் பெட்டியில் உளுந்து வைத்திருந்தார். எத்தனை வருடம் அதைத் திறந்து மூடினோம், ஒருவரும் படிக்கவில்லை.

கையில் மூன்று பட்டை இருக்கிறது. தோளில் பூனை மாதிரி ஏதோ. என்ன அர்த்தம்?

மூன்று பட்டை ஹவில்தார். கறுப்புப் பூனை 17ஆவது இந்திய டிவிஷன், அதாவது பர்மா போர்முனை. ஆனால் ஒரு டிவிஷனில் பல ரெஜிமென்ட்கள் இருக்கும். பூனையை வைத்து ரெஜிமென்ட்டை முடிவு செய்துவிடாதீர்கள்.

மார்பில் உள்ள பதக்க நாடாக்களின் நிறம் கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரியுமா?

நிறம் தெரியாது, பட்டைகளின் அமைப்பு தெரியும். இத்தாலி ஸ்டார் என்ற பதக்கத்தின் நாடாவில் சம அகலத்தில் ஐந்து பட்டை: சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. பர்மா ஸ்டாரில் நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அதற்குள் மெல்லிய ஆரஞ்சு. ஒன்று கவனம்: சில பழைய ஃபிலிம்களில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். நாடா இடது மார்பில்தான் இருக்க வேண்டும், வலது மார்பில் இருந்தால் நெகடிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கலாம். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஈப்போவிலிருந்து: தாத்தா நேதாஜி படையில் இருந்தார் என்று அம்மா சொல்வார். படத்தில் இருப்பதோ பிரிட்டிஷ் சீருடை. குழப்பமாக இருக்கிறது ஐயா.

அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் சேமிப்பில் கிடைத்த துணியைத்தான் அந்தப் படையும் உடுத்தியது. அதனால் சீருடையை விட்டுவிட்டு, அந்தப் படையின் சின்னம் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் படையின் கோப்புகள் இருக்கின்றன. ஊரில் தியாகி பென்ஷன் வாங்கியிருந்தால் அந்த மனுவே பெரிய சாட்சி.

படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள். லேமினேஷனும் கூடாது.

பர்மாவுக்குப் போன தாத்தா திரும்பவில்லை. பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. எங்காவது பெயர் இருக்குமா?

இருக்க வாய்ப்பு உண்டு. ரங்கூனை அடுத்த டாக்யான் கல்லறைத் தோட்டத்து நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன. கோஹிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்குத் தனிச் சின்னம் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் மனைவி பெயரும் சேர்ந்தே இருக்கும். தாத்தா பெயரில் கிடைக்காவிட்டால் பாட்டி பெயரை வைத்துத் தேடுங்கள் அம்மா.